மிதப்பதை உப்பு பார்த்துக்கொள்ளும், எழுந்து நிற்பது உங்கள் பொறுப்பு

எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், லிபிய எல்லைக்கு 50 கிலோமீட்டர் இருக்கும்போது வருகிற ஊர் சீவா. பேரீச்சையும் ஒலிவமும் விளையும் பாலைவனச் சோலை. அதன் உப்புக்குழிகளில் குளிப்பதைப் பற்றிக் கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

*

கே: பாலைவனத்தின் நடுவே பச்சை நீலத்தில் ஒரு நீண்ட குளம். அதில் ஒரு பெண் மல்லாந்து படுத்துக்கொண்டு புத்தகம் படிக்கிறார். இந்தப் படம் நிஜமா, கணினி வேலையா? (கோயம்புத்தூர் வாசகர்)

ப: நிஜம். படுப்பதற்குப் பயிற்சி வேண்டாம், மிதவை வேண்டாம். ஆனால் படம் எடுத்த கையோடு அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்திருப்பார். அதில் ஒரு பக்கம் நனைந்தால் காய்ந்த பிறகு எழுத்து தெரியாது, உப்புதான் தெரியும்.

*

கே: கைவிடப்பட்ட சுரங்கம் என்கிறார்களே, உள்ளே இறங்க ஏணி, விளக்கு எல்லாம் இருக்குமா? (சேலம் வாசகர்)

ப: சுரங்கம் என்றதும் இருட்டும் குகையும் நினைவுக்கு வருகின்றன. இங்கே இரண்டும் இல்லை. சீவா ஒரு பெரும் பள்ளத்தில் இருக்கிறது, கடல்மட்டத்தைவிடச் சுமார் 18 மீட்டர் தாழ்வு. பள்ளத்துக்கு வந்து சேரும் தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. வெயில் மட்டுமே அதை எடுத்துக்கொண்டு போகிறது, உப்பைக் கீழேயே விட்டுவிட்டு. இப்படித் தேங்கிய ஏரிகளைச் சுற்றித் தரையில் உப்புப் பாறை படிந்திருக்கிறது. இயந்திரத்தை வைத்து நீளவாக்கில் வெட்டி எடுக்கிறார்கள். வெட்டிய பள்ளத்தில் கீழிருந்து உப்பு நீர் ஊறி நிரம்புகிறது. உப்பு எடுத்து முடிந்த குழிகளைத்தான் குளிக்க விட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே வேறு குழிகளில் வேலை நடக்கும், லாரி போகும், வழியெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புக் குன்றுகள் நிற்கும். முழுவதும் கைவிட்ட இடம் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். அது இன்னொருவர் வேலை செய்யும் இடம்.

*

கே: அவ்வளவு உப்பையும் யார் தின்கிறார்கள்? (மன்னார்குடி வாசகி)

ப: சாலைகள் தின்கின்றன. குளிர்நாடுகளில் பனிக்காலத்தில் சாலையில் உறையும் பனியை இளக்க உப்புத் தூவுவார்கள். சீவாவின் உப்பில் பெரும் பங்கு அதற்காகவே கப்பல் ஏறுகிறது. ஆண்டுக்கு 10 மில்லிமீட்டர் மழைகூட நிச்சயமில்லாத ஓர் ஊரின் மண், ஐரோப்பாவின் உறைபனியை உருக்குகிறது. கொஞ்சம் உப்புக் கட்டியைக் குடைந்து விளக்காகவும் விற்கிறார்கள்.

*

கே: அந்தத் தண்ணீரில் 95 சதவீதம் உப்பு என்று ஒரு பயண விளம்பரத்தில் படித்தேன். அப்படியா? (திண்டுக்கல் கல்லூரி மாணவர்)

ப: 95 சதவீதம் உப்பு என்றால் அது தண்ணீர் அல்ல, தரை. அதில் நடக்கலாம், குளிக்க முடியாது. தண்ணீர் எவ்வளவு சாப்பாட்டு உப்பைக் கரைத்துக்கொள்ளும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. எடையில் நூற்றுக்கு 26 பங்கு, அவ்வளவுதான். அதற்கு மேல் போட்டால் அடியில் தங்கிவிடும். சமையலறையில் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். கடல்நீரில் இருப்பது நூற்றுக்கு மூன்றரை. சாக்கடலில் 34 வரை வருகிறதே என்று கேட்பீர்கள். அங்கே மெக்னீசியம் குளோரைடு முதலிய வேறு உப்புகளும் நிறையச் சேர்ந்திருக்கின்றன, அவை இன்னும் தாராளமாகக் கரையும். 26 என்பதே போதுமான அதிசயம். அதை ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

*

கே: ஏன் மிதக்கிறோம்? பத்தாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் படித்தேன், தலையில் ஏறவில்லை. (கும்பகோணம் வாசகி)

ப: உங்கள் எடை 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிதக்க வேண்டுமானால் 60 கிலோ எடையுள்ள நீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். நல்ல தண்ணீரில் அது 60 லிட்டர். உங்கள் உடம்பின் மொத்தப் பருமனே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதனால்தான் ஆற்றில் மூக்குக்குப் போராட வேண்டியிருக்கிறது. உப்பு முற்றிய நீர் லிட்டருக்கு 1.2 கிலோ. 50 லிட்டரை ஒதுக்கினால் 60 கிலோ ஆகிவிட்டது. மிச்சம் 10 லிட்டர் அளவு உடம்பு தண்ணீருக்கு மேலே சும்மா கிடக்கிறது. தலை, தோள், முழங்கால், பாதம் என்று அதை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பது உங்கள் விருப்பம்.

*

கே: எனக்கு நீச்சல் தெரியாது. மூழ்கவே முடியாது என்கிறார்களே, தைரியமாக இறங்கலாமா? (அருப்புக்கோட்டை வாசகர்)

ப: இறங்கலாம், ஒரு பாடம் படித்த பிறகு. இந்த நீரில் மூழ்குவது கடினம், ஆபத்து அதிலில்லை. ஆபத்து, குப்புறத் திரும்புவதில். கால்களும் இடுப்பும் மேலே மேலே வரப் பார்க்கும். அவசரப்பட்டு எழ முயன்றால் முகம் தண்ணீருக்குள் போகும், கால் தரையைத் தொடாது. இரண்டு மடக்கு உள்ளே போனால் போதும், திணறல் தொடங்கிவிடும்.

எழுந்து நிற்கும் முறை இது. மல்லாந்தபடியே முழங்கால்களை நெஞ்சை நோக்கி மடக்குங்கள். இரண்டு கைகளாலும் தண்ணீரைப் பின்பக்கமாகக் கீழே அழுத்துங்கள். இடுப்பு தாழும். அப்போது கால்களைக் கீழே நீட்டுங்கள். கரையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருக்க, இதைப் பல முறை செய்து பழகிய பிறகே நடுவே போக வேண்டும். பல குழிகளில் ஆள் உயரத்துக்கு மேல் ஆழம் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். தனியாக எவரும் இறங்கக் கூடாது, நீச்சல் வீரராக இருந்தாலும். நீச்சலடிக்கவும் வேண்டாம். கைவீச்சில் தெறிக்கும் முதல் துளி கண்ணுக்குத்தான் வரும்.

*

கே: தெரியாமல் கொஞ்சம் குடித்துவிட்டால் என்ன ஆகும்? கடல்நீரைக் குடிக்காதவர் யார்? (நாகப்பட்டினம் வாசகர்)

ப: கடல்நீரோடு இதைச் சேர்க்காதீர்கள். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, இந்தக் குழியின் நீரில் 60 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்திக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பன்னிரண்டு நாள் உப்பு ஒரே டம்ளரில்! இரத்தத்தில் சோடியம் ஏறினால் மூளை பாதிக்கப்படும், உயிருக்கே ஆபத்து வரும். உதட்டில் பட்டால் துப்பிவிட்டு நல்ல தண்ணீரில் கொப்பளியுங்கள். மடக்கு மடக்காக உள்ளே போய்விட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். சின்னக் குழந்தைகளை இதில் இறக்க வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வது இதனால்தான். எட்டு வயதுப் பிள்ளையின் உடம்புக்கு இரண்டு மடக்கே அதிகம்.

*

கே: இரத்த அழுத்தம் இருக்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். உப்பு நீரில் குளித்தால் உடம்புக்குள் ஏறிவிடாதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ப: ஏறாது, ஐயா. நம் தோல் நல்ல காவல்காரர். வாய் வழியாகப் போகாத வரை கவலை வேண்டாம். ஆனால் வெயில், உடல்நீர் வற்றுவது, திடீரென்று எழும்போது வரும் தலைசுற்றல், இவை உங்கள் மாத்திரைகளோடு சேர்ந்து விளையாடும். கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்காதீர்கள். சர்க்கரை நோயால் காலில் புண் இருப்பவர்கள் இறங்கவே கூடாது.

*

கே: தோல் நோய், மூட்டுவலி எல்லாம் ஒரே குளியலில் போய்விடுமாமே? (ஈரோடு வாசகி)

ப: ஒரே குளியலில் போவது அழுக்கு மட்டும். சாக்கடல் கரையில் சொரியாசிஸ் நோயாளிகளை வாரக்கணக்கில் தங்கவைத்து, அளவான வெயிலும் குளியலுமாகச் செய்யும் சிகிச்சை பலருக்குப் பலன் தந்திருக்கிறது. அது மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது. சீவாவில் ஒரு மதியம் மிதந்துவிட்டு அதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வலி உள்ள மூட்டுக்கு எடை குறைந்த சுகம் கிடைக்கும், அது தண்ணீரில் இருக்கும் வரைக்கும்தான். அந்தச் சுகத்துக்காகவே போகலாம், தப்பில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டுப் போவதுதான் தப்பு.

*

கே: என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? (சென்னை வாசகி)

ப: ரப்பர் செருப்பு, கழற்றாமலே இறங்குவதற்கு. குழியின் ஓரத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: வெட்டிய சுவரில் வெள்ளையும் சாம்பலுமாக அடுக்கடுக்காக உப்பு, அதன் மேல் புதிதாக விளைந்த படிகங்கள், ஒவ்வொன்றும் சதுர முனையோடு. பிடித்த கையைக் கீறும், மிதித்த காலைக் கிழிக்கும். கீறிய இடத்தில் உடனே உப்பு நீர். அதற்கு மேல் நான் விவரிக்க வேண்டாம். முந்தின நாளோ அன்றைக்கோ சவரம் செய்துகொள்ளாதீர்கள்.

ஒரு பாட்டில் நல்ல தண்ணீர் கரையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், கண்ணில் பட்டால் கழுவ. உப்புக் கையால் கண்ணைத் தேய்க்காமல் இருப்பதே பாதி வெற்றி. குடிக்கத் தனியாகத் தண்ணீர். வெள்ளித் தோடு, கொலுசு, கைக்கடிகாரம், செல்பேசி எல்லாம் பையிலேயே இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், வெள்ளைத் தரையிலிருந்து வெயில் கீழிருந்தும் அடிக்கும்.

*

கே: உடை? எனக்கு நீச்சலுடை பழக்கமில்லை. (மதுரை வாசகி)

ப: நல்லதாயிற்று, அந்த ஊருக்கும் பழக்கமில்லை. சீவா மிகக் கட்டுப்பாடான ஊர். திருமணமான பெண்கள் வெளியே வரும்போது தலை முதல் கால் வரை போர்த்தியே வருவார்கள். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை காற்சட்டையுமாக இறங்கினால் உங்களுக்கும் வசதி, அவர்களுக்கும் மரியாதை. வெயிலும் உறைக்காது. புடவை, துப்பட்டா வேண்டாம், காலில் சுற்றிக்கொள்ளும். கரையேறிய பத்தாவது நிமிடம் உடை கஞ்சி போட்டுக் காய்ந்த வேட்டி மாதிரி விறைத்து நிற்கும், புருவத்திலும் இமையிலும் வெள்ளை பூத்திருக்கும். மாற்று உடை மறக்காதீர்கள். ஊருக்குள் நீச்சலுடையோடு சுற்றுவது, பெண்களைக் கேட்காமல் படம் எடுப்பது இரண்டும் வேண்டாம்.

*

கே: எப்படிப் போவது, எப்போது போவது? (சிங்கப்பூர் வாசகர்)

ப: கெய்ரோவிலிருந்து இரவுப் பேருந்து, ஏறக்குறைய ஓர் இரவு முழுக்கப் பயணம். மத்தியதரைக் கடற்கரையில் உள்ள மர்சா மத்ரூஹ் வரை போய், அங்கிருந்து தெற்கே 300 கிலோமீட்டர் பாலைவனத்தில் இறங்க வேண்டும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர்கால இரவில் கம்பளி தேவைப்படும். உப்புக்குழிகள் ஊரைவிட்டுக் கிழக்கே தள்ளி இருக்கின்றன. உள்ளூர் ஓட்டுநர் ஒருவரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். ஊரை ஒட்டிய மணற்குன்றுப் பரப்பான மணற்கடலுக்குள் போவதானால் இராணுவ அனுமதி வேண்டும், எல்லைப் பகுதி அது. உள்ளூர் வழிகாட்டிகள் வாங்கித் தருவார்கள்.

*

கே: அலெக்சாந்தர் அங்கே போனது குளிக்கவா? (பாளையங்கோட்டை மாணவி)

ப: குறி கேட்க. எகிப்தைப் பிடித்த கையோடு, கி.மு. 331இல் சீவாவின் அமோன் கோயிலில் அருள்வாக்குக் கேட்கப் போனார். கடற்கரையோடு இன்றைய மர்சா மத்ரூஹ் வரை வந்து அங்கிருந்து தெற்கே திரும்பினார், இன்றைக்குப் பேருந்து போகும் அதே வழி. அக்குர்மி மேட்டில் அந்தக் கோயிலின் சுவர்கள் இப்போதும் நிற்கின்றன.

எனக்கு அதைவிடப் பிடித்த சேதி ஒன்று உண்டு. அந்தப் பயணத்தை எழுதிய அர்ரியன் என்ற கிரேக்க ஆசிரியர் உப்பையும் கவனித்திருக்கிறார். இங்கே உப்பைத் தோண்டி எடுக்கிறார்கள், மூன்று விரற்கடையைவிடப் பெரிய துண்டுகள் கிடைக்கின்றன, பளிங்காகத் தெளிந்திருக்கின்றன, கோயில் பூசாரிகள் அவற்றைப் பனை வகை ஓலையில் முடைந்த பெட்டியில் வைத்து அரசருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், கடல் உப்பைவிடச் சுத்தம் என்று எகிப்தியர் அதை வழிபாட்டுக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். நீங்கள் மிதக்கப் போகும் குழியை வெட்டிய தொழிலுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வம்சாவளி இருக்கிறது.

*

கே: உப்பால் கட்டிய கோட்டை உண்டாமே? (காரைக்குடி வாசகர்)

ப: உண்டு, ஷாலி. 13ஆம் நூற்றாண்டில் எழுந்தது. உப்புப் பாறைத் துண்டுகளைக் களிமண்ணில் பதித்துக் கட்டுவார்கள், கெர்ஷெஃப் என்று பெயர். வெயிலில் காய்ந்தால் இறுகும், உள்ளே பகலில் குளிர்ச்சி, இரவில் கதகதப்பு. மாடி மேல் மாடியாக ஊர் முழுவதும் அதற்குள் வாழ்ந்தது. மழையே வராத ஊரில் அதைவிட நல்ல கட்டுமானம் இல்லை. 1926இல் வந்தது. மூன்று நாள் மழை. சுவர்கள் கரைந்து சரிந்தன, மக்கள் கீழே இறங்கி வேறு வீடு கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கு ஊர் நடுவே நிற்பது அந்த மிச்சம். அண்மையில் ஒரு பகுதியைச் செப்பனிட்டிருக்கிறார்கள். காரைக்குடிக்காரர் நீங்கள், நல்ல சுவரின் அருமை தெரிந்தவர். மாலையில் மேலே ஏறி, ஒரு சுவரை அருகில் நின்று பாருங்கள். மண்ணுக்கு நடுவே உப்புப் படிகம் வெளிச்சத்தில் மின்னும்.

*

கே: தண்ணீர் ஏன் அந்த நிறம்? சாயம் கலக்கிறார்களா? (விருதுநகர் மாணவர்)

ப: அடியும் சுவரும் வெள்ளை உப்பு. தண்ணீரில் பாசி இல்லை, மீன் இல்லை, சேறு இல்லை. உள்ளே போகும் வெளிச்சத்தில் சிவப்பைத் தண்ணீர் விழுங்கிவிடுகிறது, நீலமும் பச்சையும் வெள்ளையில் பட்டுத் திரும்பி வருகின்றன. வேறு சில உப்பு நீர்கள் இளஞ்சிவப்பாக மாறுவதும் உண்டு. உப்பிலேயே வாழும் நுண்ணுயிர்களின் நிறம் அது. தூத்துக்குடி உப்பளப் பாத்திகளிலும் அதைப் பார்க்கலாம்.

*

கே: அப்படியானால் தூத்துக்குடி உப்பளத்திலேயே மிதக்கலாமே, எகிப்து எதற்கு? (தூத்துக்குடி வாசகர்)

ப: உங்கள் ஊர்ப் பாத்தியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறாது, மிதக்க ஆழம் எங்கே? அதைவிட முக்கியம், அது விளைநிலம். உழுத வயலில் யாரும் உருள மாட்டார்கள். அங்கே உப்பு வாரும் ஆண்களும் பெண்களும் நாள் முழுவதும் அதே நீரில் நிற்கிறார்கள். பாதம் வெடிக்கிறது, புண் ஆறுவதில்லை, வெள்ளைத் தரையின் கூச்சத்தில் கண் கெடுகிறது. கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்லும் நீரில் அவர்களுக்கு அது முழு நாள் வேலை. காலுறையும் கண்ணாடியும் நிழற்கூரையும் குடிநீரும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று உங்கள் ஊரிலிருந்தே குரல் எழும்பினால் மகிழ்வேன்.

*

கே: உண்மையிலேயே கைவிட்ட உப்புச் சுரங்கம் ஏரியான இடம் வேறு எங்காவது உண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: ரஷ்யாவில், கசகஸ்தான் எல்லைக்கு அருகே, சோல்-இலெத்ஸ்க். உப்பு வெட்டிய பெருங்குழிக்குள் 1906இல் ஆற்று வெள்ளம் புகுந்தது. அதுவே ராஸ்வால் ஏரி. கோடையில் மேல்நீர் இதமாக இருக்கும், ஆழத்தில் உறைய வைக்கும் குளிர். பனிக்காலத்திலும் எளிதில் உறையாது, உப்பு முற்றிய நீர் உறைய சுழியத்துக்குக் கீழே 21 டிகிரி வரை போக வேண்டும்.

ருமேனியாவின் சோவாட்டாவில் கதை தலைகீழ். அங்கே 1875இல் உப்பு நிலம் உள்வாங்கி ஓர் ஏரி உண்டானது. மேலே நல்ல தண்ணீர் மெல்லிய அடுக்காக நிற்கிறது, கீழே கனத்த உப்பு நீர். வெயில் கீழ் அடுக்கைச் சூடாக்குகிறது. அது கனமானது என்பதால் மேலே எழ முடியாமல் சூட்டை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. குளிப்பவர்கள் கலக்கிவிட்டால் அடுக்கு கெட்டுவிடும் என்பதற்காக நண்பகலை ஒட்டி ஏரிக்கு ஓய்வு விடுகிறார்கள். ஏரிக்கு மதிய ஓய்வு தரும் அந்த ஊர்க்காரர்களை எனக்கு மிகவும் பிடிக்கும்.

*

கே: நீல நிறத் தண்ணீர் நிற்கும் பழைய சுரங்கம் எதிலும் குளிக்கலாமா? (ஓசூர் வாசகர்)

ப: கூடவே கூடாது. என்ன தோண்டினார்கள் என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவின் பியூட் நகரில் செப்புச் சுரங்கம் ஒன்று 1982இல் மூடப்பட்டு நீர் நிரம்பியது. அந்த நீர் அமிலம். 1995இல் அதில் இறங்கிய பனிவாத்துகள் நூற்றுக்கணக்கில் செத்தன. இங்கிலாந்தின் பக்ஸ்டன் அருகே சுண்ணாம்புக் குவாரிக் குட்டை அழகான நீலம். அதுவோ கடுங்காரம், தோலை அரிக்கும். எச்சரிக்கைப் பலகை வைத்தும் கூட்டம் நிற்காததால் 2013இல் தண்ணீருக்குக் கறுப்புச் சாயம் கலந்தார்கள். நீலம் போனதும் கூட்டமும் போயிற்று. சீவாவில் தோண்டியது உப்பு. அதனால்தான் இறங்க முடிகிறது.

*

கே: எங்கள் ஊருக்கு வெளியே கல்குவாரியில் தண்ணீர் நிற்கிறது. பையன்கள் குதிக்கிறார்கள். அது நல்ல தண்ணீர்தானே? (செங்கல்பட்டு வாசகி)

ப: அம்மா, இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்வியையும்விட உங்கள் கேள்விக்குத்தான் உடனே பதில் சொல்ல வேண்டும். அனுப்பாதீர்கள். குவாரிக் குட்டைக்குச் சாய்வான கரை இல்லை. ஓரத்தில் முழங்கால் ஆழம், அடுத்த அடியில் பனைமரம் ஆழம். மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர், குதித்தவனுக்கு மூச்சு அடைக்கும். நீருக்குள் வெட்டிய பாறை, பழைய இரும்புக் கம்பி. ஏறி வரப் பிடிமானம் கிடையாது. உப்பு இல்லாத தண்ணீர், தூக்கிவிடாது. ஒருவன் தவறினால் காப்பாற்றப் போகிறவனும் சேர்ந்து போகிறான். கோடை விடுமுறை தோறும் இப்படிப் பிள்ளைகளை இழக்கிறோம். ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் வேலி கேட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் சொல்லச் சொல்லுங்கள். வேலி வருவதற்குள் மற்றத் தாய்மாரோடு சேர்ந்து காவலுக்கு நின்றாலும் சரி.

*

கே: நாங்கள் குளிப்பதால் சீவா மக்களுக்கு லாபமா நஷ்டமா? (புதுச்சேரி வாசகர்)

ப: வண்டி ஓட்டுபவருக்கு, விடுதிக்காரருக்கு, விளக்குச் செதுக்குபவருக்கு லாபம். ஆனால் நாம் ஆசைப்படும் அந்த உப்பு நீருக்கும் அங்குள்ள விவசாயிக்கும் பகை. சீவாவின் அடியில் நூபிய மணற்கல் நீரடுக்கு இருக்கிறது. எகிப்து, லிபியா, சூடான், சாட் என்ற நான்கு நாடுகளின் கீழே பரந்த நீர், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. பல தலைமுறை ஊற்று நீரை முறை வைத்துப் பாய்ச்சிய ஊரில், 1980களுக்குப் பிறகு கிணறுகள் பெருகின. பல கிணறுகள் மூடியே இல்லாமல் இரவும் பகலும் பொங்கி வழிந்தன. பேரீச்சைக்கும் ஒலிவத்துக்கும் போக மிஞ்சியது பள்ளத்தில் சேர்ந்தது. ஏரிகள் அகன்றன, நிலத்தடி நீர் வேர் வரை ஏறியது, உப்பும் கூடவே ஏறியது. ஓரத் தோட்டங்களில் மரங்கள் தலை காய்ந்து நிற்கின்றன. நல்ல தண்ணீரை அதிகம் இறைத்ததால் உப்புத் தண்ணீர் பெருகிவிட்டது. கட்டுப்பாடற்ற கிணறுகளை மூடும் வேலையும் வடிகால் வெட்டும் வேலையும் நடக்கின்றன. வேகம் போதாது என்பது என் கருத்து.

*

கே: போகிறவர்கள் அதற்கு என்ன செய்ய முடியும்? (அதே வாசகர்)

ப: ஏரிக்கரைத் தோட்டத்துப் பேரீச்சம்பழமும் ஒலிவ எண்ணெயும் விளைவித்தவர் கையாலேயே வாங்குங்கள். நீச்சல் குளம் வைத்த விடுதியைத் தவிருங்கள். மிதந்து முடித்ததும் மேலுக்கு ஊற்றிக்கொள்ளும் நல்ல தண்ணீர், திரும்ப ஊறாத அந்தப் பழைய நீர்தான். குழாயைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள். ஒரு வாளி போதும், உப்பு போய்விடும்.